நிலையம் சிறந்தால் ஊர் சிறக்கும்
இலண்டன் வால்தம் ஃபாரஸ்ட் வட்டார இரயில் சேவைகள் – ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் இரயில் வளர்ச்சியைப் பேசுங்கால், விரைவு வண்டிகளையும் நெடும் பாலங்களையும் மலை குடைந்த சுரங்கங்களையும் எடுத்துக்காட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆயின் நாள்தோறும் பணிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சென்று மீளும் எளிய மக்களுக்கு இரயில் என்பது தம் வீட்டிற்கு அண்மையிலுள்ள சிறு நிலையமே. அந்நிலையத்தில் விளக்கு எரிகிறதா, வண்டி உரிய நேரத்தில் வருகிறதா, முதியோர் மேடைக்கு ஏற வழி உண்டா என்பனவே அவர்தம் வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற ஒரு வட்டாரத்தின் வரலாற்றை ஈண்டு நாம் காண்போம். அது இலண்டன் மாநகரின் வடகிழக்கிலுள்ள வால்தம் ஃபாரஸ்ட் என்னும் 'பரோ' ஆகும்.

உள்ளூர் இரயில் சேவையை மேம்படுத்துவது என்பது புதிய தண்டவாளம் இடுவது மட்டுமன்று. இருக்கின்ற பாதையை மக்கள் நம்பிப் பயன்படுத்தத் தக்கதாக ஆக்குவதே அதன் பெரும்பகுதி. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரோ என்பது யாது?

இலண்டன் பெருநகரம் 32 பரோக்களாகவும், அவற்றோடு 'சிட்டி' எனப்படும் பழைய நகரப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. பரோ ஒவ்வொன்றிற்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றம் உண்டு. நம் நாட்டு நகராட்சி மன்றங்களோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். 1965ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வால்தம்ஸ்டோ, லேட்டன், சிங்ஃபோர்ட் ஆகிய மூன்று பழைய நகரங்களும் ஒன்றிணைந்து வால்தம் ஃபாரஸ்ட் பரோ தோன்றியது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு ஏறத்தாழ 2,78,000 பேர் வாழ்கின்றனர்.

பரோ மன்றத்திற்குத் தெருக்கள் உண்டு. வீட்டுமனைத் திட்டங்களுக்கு இசைவளிக்கும் அதிகாரம் உண்டு. பள்ளிகளும் நூலகங்களும் உண்டு. ஆனால் இரயில் மட்டும் அதன் கையில் இல்லை. தண்டவாளம் ஓர் அமைப்பிடம் இருக்கும். வண்டி ஓட்டுவது மற்றொரு நிறுவனமாக இருக்கும். நிதி வழங்குவது அரசாகவோ மாநகர மேயரின் கீழுள்ள இலண்டன் போக்குவரத்து அமைப்பாகவோ இருக்கும். தன் கையில் இல்லாத ஒன்றைத் தன் மக்களுக்காக எங்ஙனம் மேம்படுத்துவது என்பதே மன்றத்தின் முன் நின்ற சிக்கல்.

இரயில் படைத்த ஊர்

வால்தம்ஸ்டோவை இரயில் படைத்த ஊர் எனல் மிகையன்று. 1864ஆம் ஆண்டு கிரேட் ஈஸ்டர்ன் இரயில்வே நிறுவனம் தன் பாதையை இலண்டன் நகரின் உள்ளே நீட்டிக்க நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற்றது. அதற்காக ஏழைத் தொழிலாளர் குடியிருந்த வீடுகள் பல இடிக்கப்பட வேண்டியிருந்தன. எனவே வால்தம்ஸ்டோ, எட்மண்டன் ஆகிய ஊர்களிலிருந்து தொழிலாளர்க்கெனக் காலைதோறும் மலிவுக் கட்டண வண்டிகளை இயக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. போய்வர இருவழிக்கும் சேர்த்துக் கட்டணம் 2 பென்னி.

1870இல் வால்தம்ஸ்டோவில் ஹோ ஸ்ட்ரீட் நிலையம் திறக்கப்பட்டது. இன்றைய வால்தம்ஸ்டோ சென்ட்ரல் அதுவே. 1874இல் நகரின் விளிம்பில் லிவர்பூல் ஸ்ட்ரீட் முனையம் செயற்படத் தொடங்கியது. மலிவுக் கட்டணத்தை நம்பித் தொழிலாளர் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. 1871இல் ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த வால்தம்ஸ்டோவில் 1901இல் ஏறத்தாழ 95,000 பேர் வாழ்ந்தனர். முப்பதே ஆண்டுகளில் சிற்றூர் ஒன்று நகராயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஏழைகளின் வீட்டை இடித்தவர்கள் அவர்களுக்கு வண்டியேனும் தரவேண்டும் என்ற நியாய உணர்வை அன்றைய சட்டம் ஏற்றது. உள்ளூர் இரயில் என்பது வணிகம் மட்டுமன்று, சமுதாயக் கடமையும் ஆகும் என்பதற்கு அச்சட்டம் ஒரு பழஞ்சான்று.

1894இல் வேறொரு பாதை இவ்வூரைக் குறுக்காகக் கடந்து சென்றது. பிற நிறுவனங்களின் முயற்சியால் அமைந்த அப்பாதையில் வால்தம்ஸ்டோ குவீன்ஸ் ரோடு, லேட்டன் மிட்லண்ட் ரோடு, லேட்டன்ஸ்டோன் ஹை ரோடு ஆகிய நிலையங்கள் எழுந்தன. மேற்கே காஸ்பல் ஓக் முதல் கிழக்கே பார்க்கிங் என்னும் ஊர் வரை இன்று வண்டிகள் செல்வது இவ்வழியேதான். பின்னர் 1968இல் விக்டோரியா சுரங்க இரயிலும் வால்தம்ஸ்டோ சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தது.

புறக்கணிப்பின் காலம்

பாதைகள் இருந்தன, பேணுதல் இல்லை. 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை, வருவாய் குன்றிய பாதைகளை மூடுமாறு பரிந்துரைத்தது. காஸ்பல் ஓக் – பார்க்கிங் பாதையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. எதிர்ப்பின் விளைவாக அது தப்பியது. தப்பியதே அன்றித் தழைக்கவில்லை. இரண்டே பெட்டிகள் கொண்ட டீசல் வண்டி அரைமணிக்கு ஒருமுறை வரும். நிலையங்களில் பணியாளர் இரார். மாலை இருண்டபின் மேடையில் தனித்து நிற்கப் பெண்கள் அஞ்சுவர்.

1985ஆம் ஆண்டு சூலைத் திங்களில் லீ பிரிட்ஜ் நிலையம் மூடப்பட்டது. 1840இலேயே திறக்கப்பட்ட தொன்மையான நிலையம் அது. பின்னாளில் அப்பாதையில் பயணிகள் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோதும் அங்கு அவை நிற்கவில்லை. தம் வீட்டின் வழியே ஓடும் வண்டியில் ஏற இயலாத நிலை அவ்வட்டாரத்தார்க்கு நேர்ந்தது.

1993ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரித்தானிய இரயில்வே தனியார்மயமாயிற்று. உள்ளூர்ப் பாதைகள் பெருநிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ஒரு மூலையில் சேர்க்கப்பட்டன. நெடுந்தொலைவுப் பயணிகள் தரும் வருவாயை நோக்க, சிறு நிலையப் பயணிகள் தரும் வருவாய் அற்பமே. எனவே அங்கு ஆள் அமர்த்தவும் விளக்கிடவும் எவர்க்கும் ஊக்கம் இல்லாதுபோயிற்று. பயணிகள் குறைய வருவாய் குறைந்தது; வருவாய் குறையச் சேவை குறைந்தது; சேவை குறைய மேலும் பயணிகள் குறைந்தனர். நோய்க்குக் காரணம் நோயாளியே எனப் பழி கூறுவதற்கு ஒப்பானது இது.

2007 – மாற்றத்தின் தொடக்கம்

2000ஆம் ஆண்டில் இலண்டனுக்கு மேயரும் அவர் கீழ் இலண்டன் போக்குவரத்து அமைப்பும் தோன்றினர். 2007 நவம்பரில் காஸ்பல் ஓக் – பார்க்கிங் பாதை உள்ளிட்ட சில உள்ளூர்ப் பாதைகளை இவ்வமைப்பு ஏற்று, 'ஓவர்கிரவுண்டு' எனப் பெயரிட்டது. 2015 மே 31 அன்று லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து வால்தம்ஸ்டோ சென்ட்ரல் வழியாகச் சிங்ஃபோர்ட் செல்லும் பாதையும் இதனுள் வந்தது.

ஏற்றபின் முதலில் செய்தது யாது? புதிய பாதை இட்டாரல்லர். வண்டிகள் ஓடும் நேரம் முழுவதும் நிலையத்தில் பணியாளர் இருத்தல், நிலையங்களைத் தூய்மை செய்தல், விளக்குகளையும் ஒளிப்படக் காவற்கருவிகளையும் பொருத்துதல், பேருந்திலும் சுரங்க இரயிலிலும் செல்லும் ஆய்ஸ்டர் அட்டையை இங்கும் ஏற்றல் ஆகியனவே முதற்பணிகள். காண்பதற்கு இவை எளியவை. ஆயின் மேடையில் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதே அச்சத்தைப் போக்கும் பெருந்துணை என்பதை நாம் மறக்கலாகாது.

ஒப்பந்த முறையும் மாறியது. பழைய முறையில் கட்டண வருவாய் கூடினும் குறையினும் அது வண்டி ஓட்டும் நிறுவனத்தையே சாரும். ஆதலின் செலவைக் குறைப்பதில் அந்நிறுவனம் கருத்தாயிருந்தது. புதிய முறையில் வருவாய்ப் பொறுப்பின் பெரும்பகுதியைப் பொது அமைப்பே ஏற்றது. ஓட்டும் நிறுவனத்திற்கு வண்டி ஓட்டுவதற்கெனத் தொகை வழங்கப்பட்டது. நேரந்தவறாமையும் தூய்மையும் அதன் அளவுகோல்களாயின.

அடுத்து வண்டிகளின் எண்ணிக்கை. காஸ்பல் ஓக் பாதையில் மணிக்கு 2 ஆக இருந்த வண்டிகள் பின்னர் 4 ஆயின. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அரைமணிக்கு ஒரு வண்டி எனின், நேரம் பாராது வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பர். கால்மணிக்கு ஒன்று எனின் அது ஏழரை நிமிடமாகக் குறையும். வழியில் வண்டி மாறுவோர்க்கு இந்நன்மை இருமடங்கு. மேலும், ஒரு வண்டி தவறினும் அடுத்தது விரைவில் வரும் என்னும் நம்பிக்கை பிறக்கும். கால அட்டவணையை மனப்பாடம் செய்யாமலே நிலையத்திற்குச் செல்லலாம் என்ற நிலையே உள்ளூர் இரயிலின் வெற்றி.

இரு நிலையங்களை இணைத்த நடைபாதை

வால்தம்ஸ்டோ சென்ட்ரலும் குவீன்ஸ் ரோடும் அண்டை நிலையங்கள். முன்னதைக் கட்டியது ஒரு நிறுவனம். பின்னதைக் கட்டியவர்கள் வேறு நிறுவனத்தார். போட்டியாளர்க்கு வழிவிட எவரும் விரும்பவில்லை. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வோர் தெருக்களின் வழியே சுற்றி நடந்தனர். வழி அறியாதார் இவ்விரு நிலையங்களும் அருகருகே உள்ளன என்பதையே அறியாதிருந்தனர்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே ஒரு நடைபாதை திறக்கப்பட்டது. பயணிகள் சங்கத்தினர் பல்லாண்டுகள் விடாது கேட்டுப் பெற்ற பாதை அது. அதற்காக உழைத்து மறைந்த ஒருவரின் பெயரே அப்பாதைக்குச் சூட்டப்பெற்றுள்ளது. ஆய்ஸ்டர் அட்டை வைத்திருப்போர் ஒரு நிலையத்தை விட்டு வெளிவந்து மற்றொன்றில் நுழைந்தாலும் அது ஒரே பயணமாகக் கணக்கிடப்படுகிறது. 1894இல் தோன்றிய ஓர் இடைவெளி 120 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நடைபாதையால் நீங்கியது. தண்டவாளத்தின் ஓர் அங்குலத்தைக்கூட மாற்றாமல் இரண்டு பாதைகள் ஒன்றாயின.

மூடிய நிலையம் திறந்தது

2016 மே திங்களில் லீ பிரிட்ஜ் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. மூடப்பட்டு ஏறத்தாழ 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. இங்கிருந்து ஸ்டிராட்ஃபோர்ட் சில நிமிடப் பயணமே. 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டி வளர்ந்த அந்நகரில் வேலைவாய்ப்புகள் பெருகியிருந்தன. புதிய நிலையத்தில் மேம்பாலமும் மின்தூக்கிகளும் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டன.

இதற்கான பொருள் எங்கிருந்து வந்தது என்பது நாம் அறியவேண்டிய செய்தி. பெருங்கட்டடங்கள் எழுப்புவோர், அவற்றால் ஊர்மீது ஏறும் சுமைக்கு ஈடாக மன்றத்திற்கு ஒரு தொகை செலுத்தவேண்டும் என்பது ஆங்கிலேய நகரமைப்புச் சட்டத்தின் விதி. அத்தொகையின் ஒரு பகுதியை மன்றம் இந்நிலையத்திற்கு அளித்தது. மத்திய அரசின் புதிய நிலைய நிதியும் உடன் சேர்ந்தது. இரயில் மன்றத்தின் கையில் இல்லை என்று முன்னர்க் கூறினோம். மன்றத்தின் கையில் இருந்தவை நிலமும் இசைவும். அவற்றைக் கொண்டே நிலையம் ஒன்றை அது பெற்றுக்கொண்டது.

மின்மயமாக்கம் தந்த பாடம்

மேம்பாடு என்ற பெயரில் செய்வன யாவும் தடையின்றி நிறைவேறும் என்பதில்லை. காஸ்பல் ஓக் – பார்க்கிங் பாதையை மின்மயமாக்க 2013இல் அரசு நிதி அறிவித்தது. இரண்டு பெட்டி டீசல் வண்டிகளில் மூச்சுவிடவும் இடமின்றி நெருக்குண்ட பயணிகள் மகிழ்ந்தனர். 2016 சூனில் தொடங்கிய பணிக்காகப் பாதை முதலில் பகுதியளவிலும் பின்னர் முழுவதுமாகவும் மூடப்பட்டு 2017 பிப்ரவரியில் திறந்தது. ஆயினும் பணி முடியவில்லை. மின்கம்பிகளைத் தாங்கும் கட்டமைப்புகள் சில தவறாக வடிவமைக்கப்பட்டிருந்தன. பொருள்களும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. மீண்டும் பாதையை மூட நேர்ந்தது.

அதன்பின் புதிய மின்வண்டிகள் மென்பொருட் குறையால் தாமதமாயின. குத்தகைக் காலம் முடிந்த டீசல் வண்டிகளோ வேறு பகுதிக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் மணிக்கு 4 ஆக இருந்த வண்டிகள் மீண்டும் 2 ஆகக் குறைந்தன. ஒருவழியாக 2019 மே திங்களில் நான்கு பெட்டிகள் கொண்ட மின்வண்டி ஓடத் தொடங்கியது. பட்ட துன்பத்திற்கு ஈடாக அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு திங்கள் அப்பாதையில் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. 2022 சூலையில் அதே பாதை பார்க்கிங் ரிவர்சைடு என்னும் புதுக் குடியிருப்பு வரை நீட்டிக்கப்பட்டது.

முடிவு நன்றே. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் துன்புற்றவர் யாவர்? விடியலில் பணிக்குச் செல்லும் துப்புரவாளரும் செவிலியரும் கடைச் சிப்பந்திகளுமே. சொந்த ஊர்தி உடையோர்க்கு வேறு வழி உண்டு, இவர்க்கு இல்லை. மேம்பாட்டுப் பணியைத் திட்டமிடுவோர், பணி நடக்கும் காலத்தில் மக்கள் எவ்வாறு பயணம் செய்வர் என்பதையும் திட்டத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ளவேண்டும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

படிகளும் மின்தூக்கிகளும்

நிலையத்தின் சிறப்பை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. சக்கர நாற்காலியில் வருபவரும், கைக்குழந்தையோடு வரும் தாயும், கோலூன்றிய முதியவரும் பிறர் உதவியின்றி மேடையை அடைய முடிகிறதா? குவீன்ஸ் ரோடு நிலையத்தில் சாய்தளங்கள் உள்ளன. லீ பிரிட்ஜில் மின்தூக்கிகள் உள்ளன. ஆனால் லேட்டன் மிட்லண்ட் ரோடும் லேட்டன்ஸ்டோன் ஹை ரோடும் தெருவுக்கு மேலே எழுந்த பாதையில் படிக்கட்டால் ஏறும்படி கட்டப்பட்டவை. வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் விக்டோரியா சுரங்க இரயிலின் ஆழத்திற்குப் படிக்கட்டுகளையே 1968இல் அமைத்தனர்; மின்தூக்கி அமைக்கவில்லை. சென்ட்ரல் சுரங்க இரயிலின் லேட்டன் நிலையத்தைப் படியின்றி அடையத்தக்கதாக மாற்ற 2023 சனவரியில் மத்திய அரசு நிதி அறிவித்தது.

முன்னோர் கட்டியபோது எண்ணாத ஒன்றைப் பின்னோர் திருத்துவதற்குப் பெரும்பொருள் தேவைப்படுகிறது. தொடக்கத்திலேயே எண்ணிக் கட்டினால் செலவு குறைவு. லீ பிரிட்ஜ் நிலையம் இதற்கு எடுத்துக்காட்டு. புதிதாக எதனைக் கட்டினும் இதனை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.

நிலையத்திற்கு வரும் வழி

பயணம் மேடையில் தொடங்குவதன்று. வீட்டு வாயிலில் தொடங்குவது. 2014இல் இலண்டன் மேயர் மிதிவண்டிப் பயணத்தை வளர்க்கத் தேர்ந்தெடுத்த மூன்று புறநகர்ப் பரோக்களுள் வால்தம் ஃபாரஸ்டும் ஒன்று. லீ பிரிட்ஜ் சாலையில் மிதிவண்டிகளுக்குத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. நிலையங்களின் அருகே மிதிவண்டிக் காப்பகங்கள் எழுந்தன. தெரு மன்றத்திற்கு உரியது. எனவே நிலையத்தின் வாயில்வரை அழைத்துவரும் பொறுப்பை எவரையும் எதிர்பாராது மன்றமே செய்ய இயன்றது.

எஞ்சி நிற்பவை

செய்யவேண்டியன இன்னும் உள. சிங்ஃபோர்ட் பாதையையும் லீ பிரிட்ஜ் பாதையையும் இணைத்த 'ஹால் ஃபார்ம்' என்னும் வளைவுப் பாதை முன்னாளில் இருந்தது. 1960களின் இறுதியில் அதன் பயன்பாடு நின்றது. பின்னர்த் தண்டவாளமும் அகற்றப்பட்டது. அது மீண்டும் அமையுமாயின் சிங்ஃபோர்டிலிருந்து ஸ்டிராட்ஃபோர்டுக்கு நேர்வண்டி விடலாம் என்பது பயணிகள் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அது இன்னும் நிறைவேறவில்லை.

மற்றொரு கவலையும் உண்டு. நிலையம் சிறந்தால் அதனைச் சூழ்ந்த நிலத்தின் விலை உயரும், வாடகையும் உயரும். நிலையத்திற்காகப் பாடுபட்ட ஏழைக் குடும்பம், நிலையம் வந்தபின் அங்கு வாழ இயலாது வெளியேறுமாயின் அம்மேம்பாடு யாருக்கானது? வீடு இழந்தவர்க்கு வண்டி கொடுக்கச் சொன்னது 1864ஆம் ஆண்டின் சட்டம். வண்டி வந்ததால் வீடு இழப்பவர்க்கு என்ன செய்வது என்பது இன்றைய வினா. குறைந்த வாடகை வீடுகளையும் நிலையத்தோடு சேர்த்தே திட்டமிடுதல் ஒன்றே இதற்கு நேரிய வழி எனக் கருதுகிறோம்.

முடிவுரை

2024 நவம்பர் முதல் ஓவர்கிரவுண்டுப் பாதைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்கலாயின. சிங்ஃபோர்ட் பாதை நெசவாளர் பெயராலும், காஸ்பல் ஓக் பாதை வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் பெயராலும் அழைக்கப்படுகின்றன. பெயரற்றுக் கிடந்த பாதைகள் உழைத்தவர் பெயரையும் போராடியவர் பெயரையும் தாங்கி நிற்பது பொருத்தமே.

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவன சில. நிலையத்தில் ஆள் இருத்தல், விளக்கு இருத்தல், அடிக்கடி வண்டி வருதல், ஒரே சீட்டு எங்கும் செல்லுதல், அண்டை நிலையங்கள் இணைதல், படியேற இயலாதாரும் ஏறுதல் ஆகிய இவையே உள்ளூர் இரயில் மேம்பாட்டின் உயிர்நாடிகள். இவற்றுட் பலவற்றிற்குப் பெரும்பொருளைவிட அக்கறையே மிகுதியாக வேண்டும். அதிகாரம் தன்னிடம் இல்லை என்று கைவிரித்திராது, தன்னிடம் உள்ளதைக் கொண்டு இல்லாததைப் பெற முயன்றது மன்றம். ஆண்டுகள் பல கடந்தும் சோர்வுறாது கடிதம் எழுதியும் கூட்டம் கூட்டியும் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தனர் பயணிகள்.

ஊர்ப்பணியில் ஆர்வமுள்ள நம் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நடைபாதைக்காகப் பல்லாண்டு பேசுவது சிறுமையன்று. அவ்வழியே நாள்தோறும் நடப்பவர்க்கு அது மழையில் சுற்றிவராத மாலைப்பொழுது. வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளோடு கழியும் சில நிமிடங்கள். பொதுப்பணியின் பயனை அளப்பதற்கு அதனினும் நல்ல அளவுகோல் நமக்கு வேண்டுவதில்லை.